கிபாயத்துல்லா அழித்த பக்கங்கள்

எனக்குப் பொறுமை கிடையாது. இது எங்கள் அஸ்தினாபுரம் குடியிருப்போர் சங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அப்படிப்பட்ட நான் பதினாறு வருடமாக, சங்கத்தின் மனு ஒவ்வொன்றையும் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்து மேற்கு தாம்பரம் போகிறேன். தெருவிளக்கு, சாக்கடை, நாய்த்தொல்லை எதுவானாலும் கிபாயத்துல்லாவின் டிடிபி கடையில்தான் டைப் ஆகும். எங்கள் தெருவிலேயே மூன்று ஜெராக்ஸ் கடைகள் இருக்கின்றன. அவர்களுக்கு வாய் நீளம். கிபாயத்துல்லா வாயைத் திறக்க மாட்டார்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். எங்கள் சங்கத் தலைவர் ராஜகோபாலன் தெருவை மறித்துக் கார் ஷெட் போட்டார். அதைப் பற்றி நகராட்சிக்கு நான் ஒரு புகார் எழுதினேன். அதே வாரம் என்னைப் பற்றி, ‘சுந்தரவல்லி என்னும் இந்த அம்மாள் தெருவில் எல்லோரிடமும் வம்பு வளர்க்கிறார்’ என்று அவர் ஒரு புகார் எழுதியிருக்கிறார். இரண்டும் ஒரே கடையில், ஒரே கையால் டைப் ஆகியிருக்கின்றன. இரண்டு வருடம் கழித்து ராஜகோபாலனே சொல்லித்தான் எனக்குத் தெரியும். கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தேன்.

“கண்ணு படிக்கும் மேடம், மனசு படிக்கக் கூடாது. அதான் என் தொழிலு. உங்களுது அவருக்குச் சொல்லலையே, அவருது உங்களுக்கு எப்படிச் சொல்றது?” என்றார். அதற்கு மேல் என்ன சண்டை போடுவது?

அவர் பெரிய மனிதர் இல்லை. தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் கைக்குட்டையும் தொப்பியும் விற்றவரின் மகன். பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரி போய்விட்டது. டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டு ஒரு வக்கீலிடம் எட்டு வருடம் குமாஸ்தாவாக இருந்தார். பிறகு சொந்தமாக மூன்று கம்ப்யூட்டர்களோடு கடை போட்டார், இருபத்திரண்டு வருடம் ஆகிறது. கல்யாணப் பத்திரிகை, விவாகரத்து மனு, ஸ்கேன் ரிப்போர்ட், காதல் கடிதம் என்று இந்த ஊர்க்காரர்களின் அந்தரங்கம் முழுவதும் அவர் விரல் வழியாகப் போயிருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஷட்டரை இறக்குவதற்கு முன்பு மூன்று சிஸ்டத்திலும் உட்கார்ந்து அன்றைய ஃபைல்களையெல்லாம் அழித்துவிட்டு, குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்பது அவருக்குத் தொழுகை மாதிரி. ஒரு நாளும் தவறாது.

வீடு பெருங்களத்தூரில். மனைவி மெஹர் பானு. ஒரே மகள் மெஹ்ரீன், காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருடம். பள்ளிக்கூட நாட்களில் சனிக்கிழமை தோறும் கடைக்கு வந்து பேப்பருக்கு ஸ்டேப்ளர் அடிப்பாள். அடித்ததைவிடப் பேசியதுதான் அதிகம். ‘உங்க மனுவுல இவ்ளோ கோவம் தேவையா ஆன்ட்டி?’ என்று என்னையே கேட்டவள். கல்லூரிக்குப் போன பிறகு அந்த வாய் மூடிக்கொண்டது. எதைக் கேட்டாலும் ‘நல்லா இருக்கேன் அத்தா’ என்பதோடு சரி. படிப்பு அதிகம் போலிருக்கிறது என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

போன ஆகஸ்டில் ஒரு நாள் சாயங்காலம் மெஹ்ரீன் தனியாகக் கடைக்கு வந்தாள். ஒரு பிரிண்ட் எடுக்க வேண்டும் என்று சொல்லி இரண்டாம் நம்பர் சிஸ்டத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்கு ஏதோ அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். கடைக்குள் கால் வைக்க இடமில்லை. “இரும்மா, இந்தக் கூட்டம் போவட்டும்” என்றார் அவர். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, “அப்புறம் வரேன் அத்தா” என்று போய்விட்டாள். கூட்டம் இருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவர் எதையும் அழிக்காமல் ஷட்டரை இறக்கினார்.

மறுநாள் காலையில் பாக்கி வேலையை முடிக்க இரண்டாம் நம்பரில் உட்கார்ந்தபோது, அவள் திறந்து வைத்த பக்கம் அப்படியே வந்து நின்றது. அவள் ஒரு ஏஐயோடு பேசிய பேச்சு. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தாள். ஐந்து மாதப் பேச்சு.

இரண்டு பேப்பரில் அரியர் வைத்ததை வீட்டில் மறைத்திருக்கிறாள். வகுப்பில் யாரும் அவளோடு சாப்பிடுவதில்லை. காலேஜ் பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகவே வருகிறது. அம்மா தினமும் ‘மெஹ்னாஸைப் பாரு’ என்று பெரியம்மா மகளைக் காட்டுகிறாள். சாப்பிட்டாயா என்று கேட்க ஆளில்லை. சில நாள் காலையில் ஏன் எழுந்தோம் என்று இருக்கிறது. இதையெல்லாம் அவள் எழுத எழுத அந்த ஏஐ பொறுமையாகக் கேட்டிருக்கிறது. அடிக்கடி ஒன்று சொல்லியிருக்கிறது. நான் ஒரு இயந்திரம், கேட்பேன், ஆனால் உன் பக்கத்தில் இருக்கும் மனிதர் ஒருவருக்கு இது தெரிய வேண்டும், காலேஜ் கவுன்சிலரைப் போய்ப் பார் என்று. ‘வாயால சொல்ல வரலை, அழுகைதான் வருது’ என்று இவள் எழுதியிருக்கிறாள். ‘அப்படியென்றால் இதையே காட்டு, நீ நம்புகிற ஒருவரிடம்’ என்று அது பதில் சொல்லியிருக்கிறது. அதற்கு மெஹ்ரீன் கடைசியாக அடித்த வரி: ‘ஒருத்தர் இருக்காங்க. பார்க்கலாம்.’

அன்றைக்குப் பார்த்து நான் மழைநீர் வடிகால் மனுவோடு கடைக்குப் போனேன். கிபாயத்துல்லா மனுவை வாங்கி அப்படியே ஓரமாக வைத்தார். பதினாறு வருடத்தில் முதல் தடவையாக யாரோ எழுதியதைப் பற்றி என்னிடம் வாய் திறந்தார். அதுவும் பெற்ற மகள் எழுதியதைப் பற்றி.

“மூடிடலாம்னு கையி போவுது மேடம். மனசு வரல. இன்னா பண்றதுன்னே தெரியல, ஒரே பேஜாரா கீது” என்றார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? மூடுங்கள், சாயங்காலம் வீட்டுக்குப் போய் அவள் பக்கத்தில் உட்காருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இது:

“பெத்த அப்பன் படிக்காம வேற யார் படிப்பா? படிங்க. முதல்ல அந்த ஒருத்தர் யாருன்னு கண்டுபிடிங்க. ஏதாவது பையனா இருந்தா? நான் என் மகன் நிகிலோட டைரியைப் பதினொண்ணாவது படிக்கும்போது முழுசாப் படிச்சேன். என்ன ஆயிடுச்சு?”

மனுவுக்கு வாசகம் சொல்கிற அதே குரலில் சொன்னேன். நிகிலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எதை வைத்துச் சொன்னேனோ தெரியாது. அவன் பெங்களூரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து நாலு நிமிஷம் பேசுவான். டைரியை நான் படித்தது அவனுக்குத் தெரியும் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. ஒரு நாளும் கேட்டதில்லை.

கிபாயத்துல்லா இருபத்துமூன்று நாள் படித்தார். பிஸ்மில்லா சொல்லிக் கடையைத் திறந்ததும் முதல் வேலையே இரண்டாம் நம்பர் சிஸ்டம்தான். அவள் கணக்கு அதில் மூடப்படாமல் இருந்ததால், முந்தின நாள் அவள் போனில் எழுதியதெல்லாம் அதிலும் வந்திருக்கும். படித்துவிட்டு ஒவ்வொன்றாகச் சரிசெய்ய ஆரம்பித்தார். மெஹ்னாஸ் பேரை இனி வீட்டில் எடுக்கக்கூடாது என்று மனைவிக்குக் கண்டிப்பாகச் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை. காலேஜ் பஸ் வேண்டாம் என்று சொல்லிப் பெருங்களத்தூரிலிருந்து ஜிஎஸ்டி ரோட்டில் பைக்கில் தானே கொண்டுபோய் விட்டார். மதியம் ஒரு மணிக்கு போன் செய்து, “சாப்டியாம்மா?” என்று கேட்டார்.

ஒரு வாரத்தில் அவள் எழுதினாள்: ‘வீட்ல எல்லாரும் திடீர்னு மாறிட்டாங்க. அல்லாஹ் என் துஆவைக் கேட்டுட்டான் போல.’ இதை என்னிடம் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். நாங்கள் இருவரும் ஏதோ கோட்டையைப் பிடித்த மாதிரி எதிர்க்கடையில் டீ வாங்கிக் குடித்தோம். அந்த ‘ஒருத்தர்’ யாரென்பது மட்டும் பிடிபடவில்லை. இன்னும் படியுங்கள் என்றேன்.

மூன்று வாரம் தாண்டியதும் அவளுக்குப் பொறி தட்டிவிட்டது. ‘உன்கிட்ட சொல்றது மட்டும்தான் வீட்ல நடக்குது. நீ யார்கிட்டயாவது சொல்றியா?’ என்று ஏஐயிடம் கேட்டிருக்கிறாள். நான் யாரிடமும் சொல்வதில்லை, உன் கணக்கு வேறு எந்தக் கம்ப்யூட்டரிலாவது திறந்திருக்கிறதா என்று பார் என அது பதில் சொல்லியிருந்தது.

காலை ஒன்பதரை மணிக்கு அவர் இதைப் படித்தார். என்ன தோன்றியதோ, அந்தப் பெட்டியிலேயே முதல் தடவையாக எழுதினார், தமிழில், தமிழ் எழுத்தில்: ‘நான் மெஹ்ரீனுடைய அத்தா. நான்தான் படிக்கிறேன். இப்போது என்ன செய்ய வேண்டும்?’

பதில் உடனே வந்தது. பயத்தில்தான் படித்திருப்பீர்கள் என்று புரிகிறது. ஆனால் இன்றே, நீங்களே, அவளிடம் சொல்லிவிடுங்கள். வேறு வழியில் தெரிந்தால் இன்னும் வலிக்கும். மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவள் பேசும்வரை காத்திருங்கள். நீங்கள் இங்கே எழுதியது அவளுடைய போனிலும் தெரியும்.

இத்தனை நல்ல வார்த்தையில் அவர் கண்ணில் பட்டது அந்தக் கடைசி வரி ஒன்றுதான். அவள் பார்ப்பதற்குள் தன் வரிகளை அழித்துவிட வேண்டும் என்று கை பறந்தது. தன் வரியை மட்டும் அழிக்க அதில் வழியில்லை. மொத்தப் பேச்சையும் அழிக்க வழி இருந்தது. நிச்சயமாகவா என்று அது கேட்டது. இருபத்திரண்டு வருடமாக ஆயிரம் தடவை ‘ஆம்’ என்று அழுத்திய விரல், அழுத்திவிட்டது. பழக்கதோஷத்தில் குப்பைத்தொட்டியையும் திறந்தார். அதில் ஒன்றுமில்லை. ஐந்து மாதமாக அவள் அழுது எழுதியது எங்கேயும் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அன்று மதியமே மெஹ்ரீன் காலேஜிலிருந்து நேராகக் கடைக்கு வந்தாள். கவுன்ட்டர் முன்னால் நின்றாள். கடையில் வேறு ஆளில்லை.

“அத்தா, நீங்களா?”

ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். அவர், “எது மா?” என்றார்.

அவள் இரண்டாம் நம்பர் சிஸ்டத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். “ஒண்ணுமில்ல அத்தா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். படித்ததைக்கூட இந்த மனிதருக்கு நான் மன்னித்துவிடுவேன், ஏனென்றால் அதில் பாதிப் பழி என்னுடையது. அந்த ‘எது மா’வை அவரே மன்னிக்கவில்லை. இன்றைக்கும் அதைச் சொல்லும்போது தலையில் அடித்துக்கொள்கிறார்.

அதற்குப் பிறகு அவள் யாரிடமும் பேசவில்லை. ஏஐயிடமும்தான். போனை மேஜையில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள் என்று மெஹர் பானு அழுதாள். செமஸ்டர் தேர்வு எழுதக் கிளம்பியவள் தேர்வு அறைக்குள் போகவேயில்லை. லைப்ரரி படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துக் கையைப் பிடித்து அழைத்துப் போனவர், கல்லூரி கவுன்சிலர் அருள்மேரி. அவர்தான் பெற்றோரைக் கூப்பிட்டு அனுப்பினார். டாக்டர், மாத்திரை, வியாழக்கிழமை தோறும் அருள்மேரியின் அறை என்று ஆரம்பித்தது. முதல் நாலு வியாழன் மெஹ்ரீன் அந்த அறையில் வாயே திறக்கவில்லை. படித்ததையும் அழித்ததையும் இவர் அருள்மேரியிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

“ஒரு தடவை எல்லாத்தையும் சொல்லி முடிச்ச பிள்ளை சார். திரும்ப முதல்லேர்ந்து சொல்லுன்னா மலைப்பா இருக்காதா? டைம் கொடுங்க” என்றாராம் அருள்மேரி.

டைம் கொடுக்கத் தெரிந்திருந்தால் இவர் ஏன் இந்த நிலைமைக்கு வருகிறார்? அழித்ததைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு வெறி அவருக்கு வந்தது. அடித்த பக்கமும் படித்த பக்கமும் அவருக்கு மறப்பதில்லை. கடையில் ஆள் இல்லாத நேரத்திலெல்லாம் உட்கார்ந்து, ஞாபகத்திலிருந்தே மொத்தத்தையும் டைப் செய்தார். எட்டு நாள். முப்பத்தொரு பக்கம். அவள் கேள்வி, ஏஐ பதில், அவள் கேள்வி, ஏஐ பதில் என்று வரிசை மாறாமல். தாம் எழுதியதையும் அதற்கு வந்த பதிலையும்கூட விடவில்லை. மேலே கண்ணாடித்தாள் வைத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டார். நான் அதைப் படிக்கவில்லை. பொய் சொல்வானேன், முதல் பக்கத்தைப் பார்த்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்து அதை மகள் முன்னால் வைத்திருக்கிறார்.

“நான்தாம்மா படிச்சேன். நான்தான் அழிச்சேன். அன்னிக்குப் பொய் சொல்ட்டேன். இதுல எல்லாம் கீது, ஒண்ணும் வுடல. அருள்மேரி மேடத்தாண்ட இதக் காட்டும்மா. என்னை மன்னிச்சிடும்மா.”

அவள் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். முப்பத்தொன்றையும் நிதானமாகப் பார்த்தாளாம். கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டுக் கேட்டாள்.

“அந்த ஒருத்தர் யாருன்னு தெரிஞ்சுதா அத்தா?”

“இல்லம்மா.”

“அன்னிக்கு நான் கடைக்கு எதுக்கு வந்தேன்னு நினைச்சீங்க?”

அதற்கும் அவளே பதில் சொன்னாள்.

“பிரிண்ட் எடுத்து உங்க கையில கொடுக்கத்தான் வந்தேன். ஊர்ல எல்லாரும் எதை எதையோ உங்களை நம்பித்தானே கொடுக்கறாங்க. அதான் நானும் கொடுக்கலாம்னு வந்தேன். கூட்டமா இருந்துச்சு. நாளைக்குக் கொடுக்கலாம், நாளைக்குக் கொடுக்கலாம்னு தைரியம் வரவழைச்சிக்கிட்டு இருந்தேன்.”

சொல்லிவிட்டு அந்தப் புத்தகத்தை மூடி, மேஜையில் அவர் பக்கமாக நகர்த்தினாள்.

“இது நான் சொன்னது இல்ல அத்தா. நீங்க படிச்சது.”

இதை அவர் என்னிடம் சொன்ன அன்று, மனு எதுவும் இல்லாமல் சும்மாதான் கடைக்குப் போயிருந்தேன். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். நான்தானே படிக்கச் சொன்னேன் என்று அவரிடம் சொன்னேன். ‘இல்லை மேடம், நீங்க என்ன பண்ணுவீங்க’ என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேனோ என்னவோ. அவர் அப்படிச் சொல்லவில்லை.

“ஆமா மேடம், நீங்க சொன்னீங்க. கையி என்னுது” என்றார்.

மெஹ்ரீன் இப்போது தேவலை. ஐந்தாவது வியாழனிலிருந்து அருள்மேரியிடம் பேச ஆரம்பித்தாள், முதலிலிருந்து, தன் வாயால். ஏப்ரலில் அரியர் ஒன்றை முடித்துவிட்டாள். அம்மாவோடு சேர்ந்து ஏதோ சீரியலைக் கிண்டல் செய்து சிரிக்கிறாளாம். மதியம் சேர்ந்து சாப்பிட ஒரு சிநேகிதியும் கிடைத்திருக்கிறாள். வியாழக்கிழமைகளில் அப்பா பைக்கோடு காலேஜ் வாசலில் காத்திருப்பார். அவள் வந்து பின்னால் உட்காருவாள். எப்படிம்மா இருந்துச்சு என்று கேட்பார். நல்லா இருந்துச்சு அத்தா என்பாள். பெருங்களத்தூர் வரும்வரை வேறு பேச்சிருக்காது. மரியாதைக்குக் குறைவில்லை. அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறாள். அவராகக் கேட்காத எதையும் சொல்வதில்லை.

கடையில் ஒரு வழக்கம் மாறியிருக்கிறது. கிபாயத்துல்லா இப்போது யாருடைய ஃபைலையும் அழிப்பதில்லை. வேலை முடிந்ததும் மவுஸை நம் பக்கம் நகர்த்தி, “உங்களுது, நீங்களே அழிச்சிடுங்க” என்கிறார். அழிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்கிறார். கம்ப்யூட்டரைத் தொட்டே அறியாத கிழவர்கள்கூட அவர் கடையில் அழிக்கக் கற்றுக்கொண்டு போகிறார்கள்.

போன வாரம், ஜூன் முதல் வாரம், நாய்த்தொல்லை மனுவை இரண்டாம் நம்பரில் டைப் செய்து கொடுத்தார். பிரிண்ட் வந்ததும் வழக்கம்போல் மவுஸை நகர்த்தினார். என் ஃபைலை நான் அழித்தேன். திரையில் இன்னும் ஒரு ஃபைல் தனியாக நின்றது. ‘மெஹ்ரீன்’ என்று பேர் போட்டிருந்தது, அந்த முப்பத்தொரு பக்கம்தான்.

“இதை ஏன் வெச்சிருக்கீங்க?” என்று கேட்டேன்.

“அவுளுது மேடம். அவ வந்து அழிக்கட்டும்.”

‘எது மா’ என்று இவர் கேட்ட அந்த மதியத்துக்குப் பிறகு மெஹ்ரீன் இந்தக் கடைக்குள் கால் வைக்கவில்லை. ஒன்பது மாதம் ஆகிறது.